பப்லுவின் பல்லும் என் ரத்தக் கொதிப்பும்

பேசத் தெரியாத வாயைத் திறந்து பார்த்துவிட்டு, பேசத் தெரிந்த வாயிடம் தோற்றுப்போவதற்குப் பெயர்தான் கால்நடை மருத்துவம். கல்லூரியில் இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு அரசு மருந்தகத்தில் உட்கார்ந்து, தொண்ணூறுகளின் நடுவிலிருந்து பல வருஷம் தொண்டை வற்றக் கத்தித்தான் தெரிந்துகொண்டேன்.

நீங்களும் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவரா? ஒரே விஷயத்தை ஊர் முழுக்கச் சொல்லி, ஊரே தலையாட்டிவிட்டு வெளியே போய் அதற்கு நேர்மாறாகச் செய்வதைப் பார்த்தவரா? அப்படியானால் வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். ரேஷன் கடையோ, வங்கியோ, பள்ளிக்கூடமோ, உங்கள் வயிற்றெரிச்சலும் என் வயிற்றெரிச்சலும் ஒன்றுதான். என்னுடையதில் கொஞ்சம் வாய் நாற்றமும் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

நான் தொண்டை கிழியச் சொன்னது இதுதான்: நாய்க்கும் பல் உண்டு. அந்தப் பல்லும் அழுகும். அழுகினால் வலிக்கும். இதில் என்ன பெரிய வேதாந்தம் இருக்கிறது, ஏன் ஒருத்தருக்கும் புரியவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பப்லு வந்த நாள்

அணுசக்தி ஊழியர்கள் குடியிருக்கிற அணுபுரம் டவுன்ஷிப்பிலிருந்து சபேசன் என்று ஒரு என்ஜினீயர் வருவார். கூடவே மனைவி வசந்தா, மகள் நித்யா, நித்யாவின் மடியில் பப்லு. வெள்ளை பொமரேனியன். அந்தக் காலத்தில் டவுன்ஷிப்பில் தெருவுக்கு நாலு பொமரேனியன் இருக்கும். முதல் தடவை வெறிநோய்த் தடுப்பூசிக்காக வந்தார்கள். நித்யா அப்போது ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. ஊசி குத்திய கையோடு பப்லு என் விரலை நக்கினான். அப்படி ஒரு சாது. ஆனால் அவன் வாயிலிருந்து வந்த நாற்றத்தில் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். கடைவாயில் மஞ்சளும் பழுப்புமாகக் காரை கட்டியிருந்தது, ஈறு சிவந்து வீங்கியிருந்தது. இத்தனைக்கும் வாலிப வயசு நாய். "காரை ஈறுக்கு உள்ள இறங்குது சார். ஒரு நாள் காலையில வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க, மயக்கம் குடுத்துச் சுத்தம் பண்ணிடறேன். அதுக்கப்புறம் வீட்லயே விரல்ல துணி சுத்தி தினம் தேய்ச்சு விட்டா போதும்" என்றேன். சபேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்கிற பொறுமையோடு சொன்னார்: "நாய்னா வாய் நாறத்தான் டாக்டர் செய்யும். அது என்ன, ஆபீஸ் போய் நாலு பேர்கிட்ட பேசப்போகுதா?"

மாட்டுக்குப் பல் பார்த்தவர்

எங்கள் பக்கத்து ஜனங்களுக்குப் பல் பார்க்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். மாடு வாங்கப் போனால் பேர் கேட்பதற்கு முன்னால் வாயைப் பிடித்துத் திறந்துவிடுவார்கள். ரெண்டு பல்லு, நாலு பல்லு, எல்லாப் பல்லும் போட்டாச்சு என்று வயசைத் துல்லியமாகச் சொல்லுவார்கள். திருப்போரூர் பக்கத்து விவசாயி ஏகாம்பரம் அதில் கெட்டிக்காரர். சந்தைக்குப் போகிறவர்கள் அவரைக் கூட அழைத்துக்கொண்டு போவார்கள். ஒரு நாள் காலை மாட்டுக்கு மருந்து வாங்க வந்தவர், போகிற போக்கில் ஒரு சேதி சொன்னார். அவர் வீட்டு நாய்க்கு வெறி பிடித்துவிட்டதாம், வாயை மூட முடியாமல் எச்சில் ஒழுகுதாம், மோட்டார் ஷெட்டில் அடைத்து வைத்திருக்கிறார்களாம், மத்தியானம் ஆள் வந்ததும் அடித்துவிடுவார்களாம்.

நானும் கம்பவுண்டர் மாணிக்கமும் போனோம். எச்சில் வடிகிற நாயின் வாயில் கையை விடுவது மடத்தனம், அதை நான் செய்யவில்லை. ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்தேன். நாய் முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. தண்ணீரைப் பார்த்துப் பக்கத்தில் வந்தது, குடிக்க முடியாமல் முழித்தது. சுருக்குக் கயிறு போட்டு, மயக்க ஊசி போட்டு, கையுறையோடு டார்ச் அடித்துப் பார்த்தால், மேல்வாயில் இரண்டு பக்கத்துக் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே குறுக்காக ஒரு ஆட்டு எலும்பு. குறடால் பிடித்து இழுத்ததும் வந்துவிட்டது. கழியோடு வந்து நின்ற நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் குறடாலேயே யாரையாவது போட்டிருப்பேன். "மாட்டு வாயை மட்டும் பத்து தரம் திறந்து பாக்கறீங்களே, வளர்த்த நாய் வாயை ஒரு தரம் பாத்தா என்ன?" என்று கத்தினேன். ஏகாம்பரம் தலையைச் சொறிந்தார். "மாடுன்னா வாங்கறதுக்கு மின்னாடி பாக்கணும் மேடம். இது சும்மா வந்த நாயி, இத இன்னாத்துக்குப் பாக்கறது?"

யாளிக்குப் பல் வைத்தவர்

மாமல்லபுரத்தில் தனசேகர் என்று ஒரு சிற்பி, ஐந்து ரதம் போகிற வழியில் கல் பட்டறை. அவர் நாய் டைகர் பட்டறையில் தூக்கிப் போடுகிற கருங்கல் சில்லை அந்தரத்திலேயே கவ்விப் பிடிக்கும். வெள்ளைக்காரர்கள் நின்று போட்டோ எடுப்பார்கள். உடனே தனசேகருக்கு உற்சாகம் வந்து இன்னொரு சில்லைப் போடுவார். இப்படியே வருஷக்கணக்கில் நடந்ததில் நாலு கோரைப்பல்லும் பாதிக்குப் பாதி தேய்ந்துபோயிருந்தன. ஒன்றில் நடுவிலே துளையே விழுந்து, நேராக நரம்புக்குப் போயிருந்தது. டைகர் தண்ணீரைத் தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே நக்கும். "அது ஸ்டைலு மேடம்" என்றார் தனசேகர்.

ஸ்டைல் இல்லை, வலி என்றேன். கல்லைப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள், ஒரு ரப்பர் பந்து வாங்கிப் போடுங்கள், இந்தப் பல்லை எடுத்தே ஆகணும் என்றேன். அவர் டைகர் வாயைப் பிளந்து, ஒரு கண்ணை மூடி, சிலைக்கு மட்டம் பார்க்கிறமாதிரி பார்த்தார். எடுக்க வேண்டாமாம், முனையை மட்டும் சமமாகச் சீவிவிட்டால் சரியாகிவிடுமாம். சொல்லிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து சின்ன உளி ஒன்றை வெளியே எடுத்தார். நான் அதைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினேன். மாணிக்கம் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். தனசேகருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது: "யாளிக்கே வரிசையா பல்லு வெச்சவன் மேடம் நானு. இந்த நாய்க்கு ஒரு பல்லு சீவ மாட்டனா?"

நம்ம வீட்டு பிஸ்கட்

அடுத்த வருஷத் தடுப்பூசிக்கு பப்லு வந்தான். காரை இன்னும் தடித்திருந்தது. என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். காலையில் பாலில் ஊறவைத்த பிஸ்கட், மத்தியானம் சர்க்கரை போட்டுப் பிசைந்த தயிர் சாதம், சாயங்காலம் சார் டீ குடிக்கும்போது டீயில் நனைத்து மறுபடி பிஸ்கட், ராத்திரி அல்வா மாதிரி ஏதாவது இருந்தால் அது. பல்லுக்கு வேலையே இல்லை. இனிப்பு மட்டும் நாள் முழுக்க ஈறில் ஒட்டிக்கிடந்தது. நீங்கள் அசைவம் சாப்பிடாவிட்டால் பரவாயில்லை, பச்சைக் கேரட்டாவது கடிக்கக் கொடுங்கள், பிஸ்கட்டை விடுங்கள், சுத்தம் பண்ண ஒரு தேதி சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். அரசாங்க டாக்டர் நாய்க்காகக் கெஞ்சினால் அவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது.

தேதிக்கு வசந்தாவிடம் நிறையக் காரணம் இருந்தது. இப்போது ஆடி, நல்லது எதுவும் செய்யமாட்டார்கள். அப்புறம் தீபாவளிக்கு ஊருக்குப் போகணும். அப்புறம் நித்யாவுக்கு அரையாண்டுப் பரீட்சை. நாய்க்குப் பல் விளக்க நாள் நட்சத்திரம் பார்க்கிற குடும்பத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிஸ்கட் விஷயத்தில் மட்டும் வசந்தாவின் முகம் வாடிவிட்டது, நான் ஏதோ அவமானப்படுத்திவிட்ட மாதிரி. "நாங்க எல்லாரும் சாப்பிடற பிஸ்கட்தான் மேடம் அதுக்கும். நாய்தானேன்னு மட்டமானதா நாங்க வாங்கறதே இல்லை."

கேட்டதும் வந்ததும்

பல் சுத்தம் செய்கிற கருவி வேண்டும் என்று மேலே எழுதிப் போட்டிருந்தேன். வந்தது மாட்டுக்கு மருந்து புகட்டுகிற குழாய். மாதாந்திரக் கூட்டத்தில் அதைப் பற்றிக் கேட்டபோது சக டாக்டர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கூடப் படித்தவர் ஒருத்தர், நாய்க்குப் பேஸ்ட் நான் வாங்கித் தருகிறேன் என்றார். இருமல் வந்த சாக்கில் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன், இல்லாவிட்டால் அன்றைக்கே என்னைச் சஸ்பெண்ட் செய்திருப்பார்கள்.

கடைசியில் செங்கல்பட்டில் மனுஷர்களுக்குப் பல் பார்க்கிற ஒரு டாக்டரிடம் போய் நின்றேன். நல்ல மனுஷர். கழித்துப் போட்ட கருவிகளை, காரை சுரண்டுவது, பல்லை நெம்புவது என்று எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். டைகரின் பல்லை அதை வைத்துத்தான் எடுத்தேன். ஆனால் டப்பாவைக் கொடுக்கும்போது அவர் வாசல் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "இது எங்கேருந்து வந்ததுன்னு ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க மேடம். நாய் வாயில வெச்சதையா எங்க வாயில வைக்கறீங்கன்னு என்னை உதைக்க வந்துடுவாங்க."

கேரண்டி

மூன்றாவது வருஷம் சபேசன் தாமே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். தம்முடைய பேஸ்ட்டையே போட்டு பப்லுவுக்கு ஒரு வாரம் பல் தேய்த்திருக்கிறார். நாய்க்குக் கொப்பளிக்கத் தெரியுமா? அவ்வளவும் வயிற்றுக்குள் போய், நுரை நுரையாக வாந்தி. மனுஷன் பேஸ்ட் நாய்க்கு விஷம் சார் என்றேன். "அப்போ தேய்க்கச் சொன்னது நீங்கதானே" என்றார். என் காதிலிருந்து புகை வந்ததை அவர் கவனிக்கவில்லை.

வாந்தியை நிறுத்திவிட்டு வாயைப் பார்த்தேன். வலது பக்கம் மேலே இருக்கிற பெரிய பல் ஆடியது. பப்லு முதல் தடவையாக என் கையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடிக்கவில்லை, உறுமவில்லை, திருப்பிக்கொண்டான். "இது வலி. இந்தப் பல் வேர்ல சீழ் கோத்துக்கும். இன்னிக்கே விட்டுட்டுப் போங்க, எடுத்துடறேன்" என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன், வெளியே மாட்டோடு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தா பப்லுவை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மயக்கம் குடுத்தா இவன் திரும்ப எழுந்திருப்பான்னு கேரண்டி எழுதிக் குடுப்பீங்களா மேடம்?"

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள்

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மாடு ஏது? அதனால் ஒவ்வொரு வருஷமும் மாட்டுப் பொங்கலுக்கு நித்யா பப்லுவைத்தான் மாடாக்குவாள். குளிப்பாட்டி, கழுத்தில் மாலை போட்டு, நெற்றியில் குங்குமம் வைத்து, பொங்கல் ஊட்டுவாள். அவர்கள் கேரண்டி கேட்டுவிட்டுப் போன அடுத்த வருஷமும் அப்படித்தான். இடது கையால் அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பொட்டு வைத்திருக்கிறாள். பப்லு கடித்துவிட்டான்.

மறுநாள் காணும் பொங்கல். மகாபலிபுரம் போகிற ரோடு முழுக்க ஜனம். அந்தக் கூட்டத்தில் நீந்தி, மருந்தகத்தை ஒட்டியிருந்த என் வீட்டு வாசலுக்குச் சபேசனின் கார் வந்தது. பின்சீட்டில் வசந்தாவும் நித்யாவும், நித்யாவின் இடது கையில் பெரிய கட்டு. பப்லுவின் வாயைத் துண்டால் கட்டியிருந்தார்கள். நெற்றியில் குங்குமம் அப்படியே இருந்தது. பெண்ணை ஆஸ்பத்திரியில் காட்டினீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். தையல் போட்டு, தடுப்பூசியும் ஆரம்பித்தாயிற்று என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "ஊசி போட்டுடுங்க டாக்டர்" என்றார். என்ன ஊசி என்றேன். "அதான், கஷ்டப்படாம போயிடற ஊசி. குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் சொல்லிட்டாங்க. வளர்த்த பொண்ணையே கடிச்ச நாயை இனிமே எப்படி வீட்ல வைக்கறது?"

நான் பப்லுவின் கன்னத்து முடியை விலக்கினேன். வலது கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவுக்கு வீக்கம். நித்யாவின் இடது கை அழுத்திய அதே இடம். அடக்கி அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் எனக்கு உடைந்துவிட்டது. "சார், மயக்கம் குடுத்தா எழுந்திருப்பானான்னு என்கிட்ட கேரண்டி கேட்டீங்க. இப்ப எழுந்திருக்கவே கூடாதுன்னு ஊசி கேட்டுக்கிட்டு வந்து நிக்கறீங்க. வாயைக் காட்டச் சொல்லி வருஷம் வருஷமா கத்தினேன். ஆடி வந்துது, தீபாவளி வந்துது, பரீட்சை வந்துது. பல்லு எதுக்காகவும் காத்துக்கிட்டு இருக்கல. உங்களுக்கு ஒரு பல்லு வலிச்சா ஆபீஸுக்கு லீவு போடறீங்க. இவன் எங்க போய் லீவு போடுவான்?" தெருவே கேட்டிருக்கும். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. தடுப்பூசி போட்ட நாய்தான், ஆனாலும் கடித்த நாயைப் பத்து நாள் உயிரோடு வைத்துப் பார்த்தே ஆகணும், அது உங்கள் பெண்ணுக்காக என்றும் சொன்னேன். சபேசன் காரின் பின்கதவைத் திறந்துவிட்டார். "என்னவோ பண்ணுங்க" என்றார்.

மாணிக்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பி நின்றவர், புதுச் சட்டையோடு வந்தார். "நல்ல நாளும் அதுவுமா இன்னா மேடம் இது பேஜாரு" என்று முனகிக்கொண்டே பப்லுவைத் தூக்கி மேசையில் போட்டுப் பிடித்தார். மயக்க ஊசி போட்டேன். உள்ளே வராதே என்று சொல்லியும் நித்யா வாசற்படியிலேயே நின்றாள். அப்பா கேட்ட ஊசியைத்தான் போட்டுவிட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "தூங்கறான், அவ்வளவுதான். எழுந்திருப்பான்" என்றேன். கேரண்டி கொடுக்க முடியாது என்று அவள் அம்மாவிடம் சொன்ன அதே வாய்தான். உள்ளுக்குள் எனக்கும் பயம்தான். நாள்பட்ட சீழ், ரத்தத்தில் எவ்வளவு விஷம் கலந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

செங்கல்பட்டு டாக்டர் கொடுத்த கருவியால் நெம்பினேன். ரொம்பப் பாடுபட வேண்டியிருக்கவில்லை, பல்லைச் சுற்றி எலும்பே கரைந்துபோயிருந்தது. பல் கையோடு வந்தது, பின்னாலேயே சீழ் கொட்டியது. மாணிக்கம் புதுச் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தார். தட்டில் பல்லைப் போட்டு, மூன்று பேரையும் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து பப்லு கண்ணைத் திறந்தான். எழுந்திருக்க முடியாமல் வாலை மட்டும் மேசையில் தட்டினான். வசந்தா சேலைத் தலைப்பால் அவனைப் போர்த்தினார், அழுதார்.

நித்யாதான் கேட்டாள். "இது எவ்ளோ நாளா வலிச்சிருக்கும் ஆன்ட்டி?" ஒரு வருஷமாவது இருக்கும் என்றேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் தினம் ஸ்கூல் போறப்ப அந்தக் கன்னத்துலதான் முத்தம் குடுப்பேன். அப்ப தினம் வலிச்சிருக்கு. ஒரே ஒரு நாள்தான் கடிச்சிருக்கான்."

அதற்கு மேல் எனக்குத் திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. போகட்டும், இந்த மனுஷனுக்கும் இப்போது உறைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு கையைக் கழுவினேன். சபேசன் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், தட்டில் கிடந்த பல்லைக் குனிந்து நன்றாகப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி, நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "இவ்ளோ சீரியஸ்னு நீங்க முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

பப்லு அதற்கப்புறம் சாகிறவரை ஒருத்தரையும் கடிக்கவில்லை. அன்றைக்கு அந்த நிமிஷத்தில் நானும் ஒருத்தரைக் கடிக்கவில்லை என்பதைத்தான் என் சர்வீஸிலேயே பெரிய சாதனையாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.